சரக்கு நம்முடையது, விலாசம் யாருடையது?

விருத்தாசலத்துப் பீங்கானைப் பற்றித் தமிழ்நாட்டாருக்கு நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மணிமுத்தாற்றங்கரையில், பழமலைநாதர் கோயில் கொண்டுள்ள அப்பழம்பதியில், களிமண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, மெருகிட்டு, சூளையில் வேகவைத்துச் சரக்காக்கும் சிறு தொழிலகங்கள் பல ஒரு தொழிற்பேட்டையாக அமைந்து நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றன. அங்கே செய்யப்படும் அகல் விளக்குகளும், பொம்மைகளும், மின்சார ப்யூஸ் கேரியர்களும் வெளியூர்களுக்குச் செல்கின்றன. பீங்கான் தொழில் நுணுக்கத்தைக் கற்பிப்பதற்கெனச் சர்க்கார் கல்வி நிலையமொன்றும் அவ்வூரிலேயே உண்டு. இவ்வளவு இருந்தும், சென்னையில் ஒரு கடையில் பீங்கான் பொம்மை வாங்கும் ஒருவர், அதைச் செய்தவர் யார், அவரிடம் நேரே நூறு பொம்மைகள் வேண்டுமென்று கேட்பது எப்படி என்று அறிய விரும்பினால் அவருக்கு வழியென்ன? இக்கேள்வியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

அண்மையில் அவ்வூர்ச் சிறு முதலாளி ஒருவர் நம்மைக் கண்டு தமக்கு நேர்ந்ததைத் தெரிவித்தார். சில ஆண்டுகளுக்கு முன் தரகர் ஒருவர் வந்து, "உங்கள் தொழிலகத்தின் பெயரால் இணையத்தில் விலாசம் ஏற்படுத்தித் தருகிறேன்" என்று சொல்லிப் பணம் பெற்று, '.காம்' என்று முடியும் பெயரொன்றைப் பதிவு செய்து கொடுத்தாராம். நண்பரும் அப்பெயரைத் தம் அட்டைப் பெட்டிகளிலெல்லாம் அச்சிட்டுவிட்டார். பின்னர் தரகரைக் காணோம். விசாரித்ததில், பெயர் தரகரின் பெயரிலேயே பதிவாகியிருந்ததும், ஆண்டுக் கட்டணம் செலுத்தப்படாமையால் அது காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போயிற்று என்பதும் தெரிய வந்தன. இப்போது அவ்விலாசத்தைத் தேடிச் செல்பவர்களுக்குச் சூதாட்ட விளம்பரம் காட்சியளிக்கிறது. பெட்டியில் அச்சிட்ட கைப்பேசி எண்ணும் இடையில் கைவிடப்பட்டமையால் வேறொருவருக்குச் சென்றுவிட்டது. கார்த்திகைக்கு அகல் கேட்டுப் பழைய வாடிக்கைக்காரர்கள் அழைத்தபோது, யாரோ ஒருவர் எடுத்து, "தவறான எண்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். "சரக்கு என்னுடையது, என் விலாசம் யாருடையதென்று எனக்கே தெரியவில்லை" என்றார் அவர். ஒரு பருவத்து விற்பனை போயிற்று. சூளையில் வேலை செய்த நால்வருக்கு அவ்வருஷம் வேலை குறைந்தது.

நம் நாட்டு வணிகர் வழக்கில் 'விலாசம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருளுண்டு. தெருவும் கதவிலக்கமும் விலாசம். வியாபார ஸ்தாபனத்தின் பெயரும் விலாசம். நகரத்தார் கடல் கடந்து கொண்டு விற்ற நாளில், தகப்பன் பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து விலாசமாக வைத்துக் கொண்டு, அதன் நாணயத்தைத் தம் உயிரினும் மேலாகப் பேணினர். அவ்விரண்டு பொருளும் இன்று இணையத்தில் ஒன்றாகிவிட்டன. டொமைன் எனப்படும் களப்பெயரே கடையின் பெயர். அதுவே கடைக்கு வழி. ஆகவே அதை யார் வழங்குகிறார்கள், யார் ஆளுகிறார்கள் என்று நாம் அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

உலகத்துக் களப்பெயர்களின் தலையேட்டை நிர்வகிப்பது ஐகான் என்னும் ஸ்தாபனம். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணச் சட்டப்படி, லாப நோக்கமற்றதாக அமைக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் இது '.பிஸ்', '.இன்போ' முதலிய ஏழு புதிய முடிவுகளை அனுமதித்தது. அதன் பின் வந்தவற்றில் இரண்டு, நாம் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு மிகவும் நெருங்கியவை. ஒன்று, சிறு திரைக் கைப்பேசிகளுக்கென்று 2006-இல் விற்பனைக்கு வந்த '.மொபி'. மற்றொன்று, லண்டனைச் சேர்ந்த டெல்னிக் என்னும் கம்பெனியார் 2009 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட '.டெல்'.

இந்த '.டெல்' நூதனமானதொரு யோசனை. மற்றக் களப்பெயர்கள் ஒரு கணிப்பொறி எங்கேயிருக்கிறது என்பதை மட்டும் காட்டும். அக்கணிப்பொறியில் நாம் ஒரு பக்கத்தை அமைத்து வைத்தாலன்றிப் பயனில்லை. '.டெல்' பெயரிலோ, பெயரேட்டிலேயே தொலைபேசி எண், மின்னஞ்சல், தெரு விலாசம் யாவும் எழுதப்பட்டிருக்கும். பக்கம் அமைக்க வேண்டாம், அதற்கு ஆள் தேட வேண்டாம். எண் மாறினால் ஏட்டில் ஒருமுறை திருத்தினால் உலகெங்கும் திருத்தமாகிவிடும். சிறு வியாபாரிக்கு இதைக் காட்டிலும் உகந்தது வேறு என்ன இருக்கக்கூடுமென்று அப்போது பலரும் எண்ணினர்.

ஆயின் நடந்தது வேறு. 2007-இல் ஐபோனும் 2008-இல் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வந்து, முழுப் பக்கத்தையே கையடக்கத் திரையில் காட்டத் தொடங்கின. தேடு பெட்டியில் கடைப் பெயரை இட்டால் எண் தானே வந்து நின்றது. '.மொபி'யும் '.டெல்'லும் எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தனவோ அக்குறையே மறைந்தது. 2017-இல் '.டெல்'லின் விதியைத் தளர்த்தி, மற்றப் பெயர்களைப் போலவே அதையும் உபயோகிக்கலாமென்று விட்டுவிட்டனர். பெயரேடே விலாசப் புத்தகமாயிருக்கும் என்ற மூலக் கொள்கை அத்துடன் தன் தனிச்சிறப்பை இழந்தது. புதிய முடிவொன்று விற்பனைக்கு வரும்போதெல்லாம் 'இதை வாங்கினால் வியாபாரம் பெருகும்' என்று கூறும் தரகர் பேச்சைக் கேட்டு மயங்கலாகாது என்பதற்கு இவ்விரண்டும் போதிய சாட்சிகளாகும்.

நிற்க. 2012-இல் ஐகான் வாயிலை இன்னும் அகலத் திறந்தது. எந்தச் சொல்லையும் முடிவாகக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். மொத்தம் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. அடுத்த சுற்றுக்குக் கட்டணத்தை 2,27,000 டாலராக உயர்த்தியிருக்கின்றனர். இவ்வளவு பணம் கட்டக்கூடியவர் யார்? விருத்தாசலத்துச் சூளைக்காரர் அல்லர். அச்சுற்றில் அமெரிக்க வியாபாரக் கம்பெனியொன்று '.அமேசான்' என்ற முடிவைக் கேட்டது. அமேசான் என்பது எங்கள் நதியின் பெயர், எங்கள் வனத்தின் பெயர் என்று பிரேஸிலும் பெருவும் ஆட்சேபித்தன. வழக்கு ஆண்டுக் கணக்கில் இழுத்து, 2019-இல் கம்பெனிக்கே சாதகமாக முடிந்தது. கோடானுகோடி ஆண்டுகளாக ஓடும் நதியின் பெயர், முப்பது வயது நிரம்பாத கடைக்குச் சொந்தமாயிற்று.

இன்னொன்றையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். புதுக் கம்பெனிகள் நாகரிகமெனக் கருதி வாங்கும் '.ஐஓ' என்ற முடிவு, நமது இந்து மகாசமுத்திரத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களேயாம். 'பிரிட்டிஷ் இந்து சமுத்திரப் பிரதேசம்' என்று பெயரிட்ட சாகோஸ் தீவுகளுக்காக அது ஒதுக்கப்பட்டது. அத்தீவுகளின் ஜனங்களை 1968 முதல் 1973 வரை வீடு வாசலினின்று அப்புறப்படுத்தி, டீகோ கார்ஸியாவில் ராணுவ தளத்துக்கு இடம் செய்து கொடுத்தனர். மண்ணிலிருந்து விரட்டப்பட்டவர்களின் மண்ணின் பெயர் உலகச் சந்தையில் விலைபோகிறது. பசிபிக் சமுத்திரத்துத் துவாலு என்னும் சிறு நாடோ, தன் '.டிவி' என்ற முடிவிலிருந்து தன் பொக்கிஷத்துக்கு வருமானம் பெறுகிறது. பெயரின் உரிமை தன் கையிலிருந்தால் சிறு தீவும் பயனடையும்; இல்லாவிடில் பெயர் இருந்தும் பயனில்லை.

நமது தேசத்தின் நிலையென்ன? '.இன்' என்ற முடிவு நம்முடையது. 2005 ஜனவரி முதல் எவரும் எளிதில் பதிவு செய்து கொள்ளும்படி திறக்கப்பட்டு, நிக்ஸி என்ற இந்திய ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருந்து வருகின்றது. தமிழருக்கு இன்னும் சந்தோஷமான செய்தி, நம் எழுத்திலேயே '.இந்தியா' என்ற முடிவு 2011-இல் உலகத் தலையேட்டில் ஏறியது. அதற்கு முன் 2010-இல் '.இலங்கை'யும், அதே 2011-இல் '.சிங்கப்பூர்' என்பதும் தமிழெழுத்திலேயே ஏறின. மூன்று தேசங்களின் பெயர்கள் தமிழில் உலக ஏட்டில் இருக்கின்றன. இவ்விதம் பல மொழி எழுத்துக்களில் களப்பெயர் அமைக்கலாமென்ற ஆராய்ச்சி 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் டின் வீ என்பவரின் குழுவினரால் நடத்தப்பட்டது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. 2021-இல் '.இன்' பதிவு செய்வோருக்கு அவரவர் மொழிப் பெயரொன்றை இலவசமாகவே தருவதாக நிக்ஸியார் அறிவித்ததுமுண்டு.

ஆனால் இலவசமாகக் கொடுத்தாலும் எடுப்பாரில்லை. ஏன்? தமிழெழுத்தில் அமைந்த விலாசத்தையோ மின்னஞ்சலையோ பல பாங்குகளின் படிவங்களும் சர்க்கார் படிவங்களும் 'தவறான விலாசம்' என்று தள்ளிவிடுகின்றன. தமிழ்நாட்டுச் சர்க்காரின் தலைமை இணைய விலாசமே ஆங்கில எழுத்தில்தான் விளங்குகிறது. மேடையில் தமிழ் வாழ்க என்பவர்கள் தங்கள் வாசற்கதவில் தமிழில் பெயரெழுதாதிருந்தால், பீங்கான் வியாபாரி மட்டும் எழுதுவானா? அன்றியும், '.இன்' ஏட்டின் தொழில்நுட்ப நிர்வாகமே முதலில் அபிலியாஸ், பின்னர் நியூஸ்டார் என்று அந்நியக் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. லட்சக்கணக்கான கணிப்பொறி வல்லுநர்களை உலகுக்கு அனுப்பும் தேசம், தன் பெயரேட்டை வைத்துக் காக்கத் தன் பிள்ளைகளை நம்பாதது விசனத்துக்குரியதேயாம்.

"இந்தக் களப்பெயரெல்லாம் எதற்கு? வாட்ஸ்அப் இருக்கிறது, கூகுள் வரைபடத்தில் கடை இருக்கிறது, அவை இலவசம்" என்று சிலர் கூறுவர். அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. 2018-இல் வாட்ஸ்அப் கம்பெனியார் வியாபாரிகளுக்கென்று தனிச் செயலி வெளியிட்டது முதல், எழுதப் படிக்கச் சிறிதே அறிந்தவர்களும் சரக்கின் படத்தை அனுப்பி விலை பேசி முடிக்கின்றனர். 2016-இல் வந்த நம் சொந்த யூபிஐ ஏற்பாட்டினால் பணமும் நொடியில் வருகின்றது. இவற்றைத் துறக்கும்படி நாம் உபதேசிக்கவில்லை. ஆனால் வாடகை வீட்டைச் சொந்த வீடென்று எண்ணிக் கிணறு வெட்டுதல் புத்தியாகாது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் உலகெங்கும் சுமார் ஆறு மணி நேரம் ஸ்தம்பித்தன; அன்று அவற்றையே நம்பியிருந்த வியாபாரி வாயிழந்தவனானான். 2024 மார்ச்சில், கட்டணத் தகராறின் காரணமாக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி முதலிய இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைக் கூகுள் தன் கடையினின்று நீக்கிற்று. மத்திய சர்க்கார் தலையிட்ட பிறகே சில தினங்களில் அவை திரும்ப ஏறின. பெருங்கம்பெனிகளுக்காக மந்திரிகள் பேசினார்கள்; சூளைக்காரர் கணக்கு ஒரு நாள் காரணமின்றி மூடப்பட்டால் பேசுவார் யார்?

1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்ததன் காரணம் இதுவே. சரக்கு சுதேசியாயிருந்தும் அதை ஏற்றிச் செல்லும் வழி அந்நியன் கையிலிருந்தால், விலையை நிர்ணயிப்பவனும் அந்நியனேயாவான் என்பதை அவர் கண்டார். இன்று கப்பலின் ஸ்தானத்தில் விலாசம் நிற்கிறது. 'ஐகான் என்னும் ஒரே தலையேட்டின் கீழ் '.இன்'னும் இருக்கையில் சுதேசி எங்கே?' என்று கேட்கலாம். முழுச் சுயேச்சை இதனால் வந்துவிடாது என்பது மெய்தான். எனினும், சொந்தக் களப்பெயர் உடையவன் அதைக் காக்கும் கம்பெனியை வேண்டும்போது மாற்றிக் கொள்ளலாம், பெயர் மாறாது. 2011 ஜனவரியில் கைப்பேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை தேச முழுவதற்கும் வந்தபோது, கம்பெனிகள் நம்மை நாடி வந்ததை நாமெல்லோரும் கண்டோம். அவ்வுரிமையே களப்பெயருக்கும் உயிர்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2004-ஆம் ஆண்டு சத்யம் இன்போவே வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், களப்பெயர் என்பது வெறும் விலாசமன்று, வியாபாரச் சின்னத்தைப் போன்றதே, ஆகவே ஒருவர் பெயரை மற்றொருவர் தம்முடையதெனக் காட்டி விற்பதைத் தடுக்கும் சட்டம் இதற்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தனர். '.இன்' பெயர்களைப் பற்றிய தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமலே நடுவர் முன் தீர்த்துக்கொள்ளவும் நிக்ஸியின் விதிகளில் இடமுண்டு. ஆனால் உரிமைக்கு ருசு வேண்டும். பதிவு தரகர் பெயரிலிருக்க, ரசீதுமில்லாமல் வந்து நிற்கும் கட்சிக்காரருக்கு எந்த வக்கீலும் அதிகம் செய்ய முடியாது என்பதை நாம் அனுபவத்தால் சொல்லக்கூடும்.

ஆகையால் நமது தொழிலாளருக்கும் சிறு முதலாளிகளுக்கும் நாம் சொல்ல விரும்புவது இது. முதலாவது, ஒரே ஒரு களப்பெயர் போதும், அது '.இன்' ஆகவோ '.இந்தியா'வாகவோ இருக்கட்டும். ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. பத்து ஆண்டுகள் வரை முன்பணம் கட்டிவைக்கலாம். இரண்டாவது, பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசியில் இருக்க வேண்டும்; இரகசியச் சொல் வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் இருக்கட்டும். மூன்றாவது, வியாபார எண்ணைக் கைவிடாதேயுங்கள். துண்டிக்கப்பட்ட எண் 90 நாட்களுக்குப் பின் பிறருக்கு வழங்கப்படலாம். நான்காவது, வாடிக்கைக்காரர்களின் பெயரும் எண்ணும் கைப்பேசியின் வயிற்றில் மட்டும் இராமல், மாதமொருமுறை நோட்டுப் புத்தகத்திலும் ஏறட்டும்.

ஐந்தாவது, சரக்கின் மேலேயே விலாசம் பொறிக்கப்படட்டும். 1994-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட க்யூஆர் கட்டத்தில் பெயரும் எண்ணும் விலாசமும் நேரே அடங்கும்; கைப்பேசியில் காட்டினால் இணையமின்றியே முகவரிப் புத்தகத்தில் ஏறிக்கொள்ளும். இதில் ஒரு சூதுண்டு. சில கம்பெனியார் விற்கும் கட்டத்தில் உங்கள் விலாசம் இராது; அவர்கள் விலாசமே இருக்கும். அதன் வழியே உங்களிடம் வரவேண்டும். சந்தா நின்றால் வழியும் அடையும். விலாசம் நேரே அடங்கிய கட்டத்தையே கேட்டு வாங்குங்கள். ஜெர்மனியில் 1710-இல் தோன்றிய மைஸன் பீங்கான் ஆலையார், தம் சரக்கின் அடியில் இரண்டு வாட்களைக் குறுக்காக எழுதிச் சூளையிலிட்டனர். முந்நூறு ஆண்டுகள் ஆகியும் அக்குறியைக் கண்டே உலகம் விலை கொடுக்கிறது. சூளையில் வெந்த குறியைத் தரகன் அழிக்க முடியாது. விருத்தாசலத்துப் பொம்மையின் அடியிலும் ஊர்ப் பெயரும் தொழிலகப் பெயரும் களப்பெயரும் வெந்து நிற்கட்டும்.

சர்க்காரை நாம் கேட்பது அதிகமில்லை. தொழிற்பேட்டைக்கென்று தமிழிலும் ஆங்கிலத்திலும் பொதுக் களப்பெயரொன்று எடுத்து, ஒவ்வொரு தொழிலகத்துக்கும் அதன் கீழ் ஓர் உட்பெயரும், சரக்கின் விவரமும் எண்ணும் கொண்ட ஒரு பக்கமும் கொடுக்கட்டும். பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையத்து மாணவர்கள் மெருகிடக் கற்பதோடு இதையும் நடத்தக் கற்கட்டும். சர்க்கார் படிவங்களெல்லாம் தமிழ் விலாசத்தை ஏற்கும்படி செய்யட்டும். குஜராத்தின் மோர்பியும், ஐக்கிய மாகாணமென்று முன் வழங்கிய உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவும் தங்கள் ஊர்ப் பெயராலேயே பீங்கான் விற்கின்றன. விருத்தாசலம் மட்டும் பெயரில்லாச் சரக்கை அனுப்பிவிட்டுக் காத்திருப்பானேன்?

சர்க்கார் அசையும் வரையில் தேசபக்தர்கள் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து வீடு வீடாகச் சென்ற பரம்பரையில் வந்தவர்கள், ஒரு தொழிலகத்துக்கு ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் போதும். பதிவை முதலாளியின் பெயருக்கு மாற்றவும், எண்களை நோட்டில் ஏற்றவும் அது போதுமான காலமாகும். விருத்தாசலம் பீங்கான் தொழிலகத்தார் தங்கள் சம்மதத்துடன் அனுப்பும் வியாபார விலாசங்களைக் கார்த்திகைக்கு முன் நமது பத்திரிகையில் கட்டணமின்றி வெளியிட நாம் சித்தமாயிருக்கிறோம். நமது நேயர்கள் ஒவ்வொருவரும் அவ்வருஷத்து அகலை அவ்விலாசங்களில் ஒன்றுக்கு நேரே எழுதிக் கேட்டு வாங்குவார்களாக.